ஒரே உணவகம், இரண்டு கிளை, இரண்டு விதமான இட்லி: ஏன்? எதை, எப்போது கேட்பது?

தட்டு_இட்லி

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் சைவ உணவகங்களைப் பற்றிய கேள்வி. பெயர்ப்பலகை ஒன்று, மெனு ஒன்று, சாம்பார்ப் பொடியும் ஒன்று. ஆனால் ஒரு கிளையில் இட்லி மெத்தென்று இருக்கிறது, நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிளையில் தட்டையாக, கையில் ஒட்டுகிறது. மாவு ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றால் வித்தியாசம் எங்கே நுழைகிறது? அது தெரிந்தால் எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்றும் முடிவு செய்யலாம். சமையல்கட்டு, கல்லா இரண்டும் தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். கடைப் பெயர் சொல்லித் திட்டுவது வேண்டாம்.

அரவைக்கல்

மாவில் ஆரம்பிக்கிறேன், பாதிப் பதில் அங்கேதான்.

பெரிய உணவகங்களில் மாவரைப்பது பொதுச் சமையல்கூடத்தில். இட்லி அரிசி நாலு பங்கு, தொலி நீக்கிய முழு உளுந்து ஒரு பங்கு என்பது கிரைண்டர் கணக்கு. உளுந்து ரகம் நன்றாக இருந்தால் நாலரை வரை இழுப்பார்கள். கூடவே கொஞ்சம் வெந்தயம். அரிசி நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஊறணும், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். உளுந்தைக் குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். கல் சூடானால் மாவும் சூடாகும், காற்றைப் பிடித்து வைக்கும் தன்மை போய்விடும். சரியாக அரைபட்ட உளுந்து மாவை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டால் மிதக்கும். மூழ்கினால் இன்னும் அரைக்கணும்.

அடுத்தது புளிப்பு. மாவைப் பொங்க வைப்பதில் பெரிய பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அது லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடுகிறது. 28 முதல் 32 டிகிரிக்குள் எட்டுப் பத்து மணி நேரத்தில் வேலை முடியும். மே மாதச் சென்னையில் ராத்திரியும் அந்தச் சூடு இருக்கும், அதனால் மாவு சீக்கிரமே புளித்துவிடும். மார்கழிக் குளிரில் அதே மாவு அதே நேரத்தில் பாதிகூடப் பொங்காது. பொதுக்கூடத்தில் கடிகாரத்தைப் பார்த்து மாவை வண்டி ஏற்றினால், அந்த நாள் வானிலை நேராக உங்கள் தட்டுக்கு வந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். பொங்கிய மாவை வேனில் ஏற்றி, மேடுபள்ளத்தில் குலுக்கி, கிளையில் இறக்கி, கரண்டி விட்டுக் கிண்டினால் உள்ளே இருந்த வாயு வெளியேறிவிடும். பக்கத்துக் கிளைக்கு இருபது நிமிடப் பயணம், கடைசிக் கிளைக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே போய்ச் சேர்ந்த மாவை உடனே ஊற்றினால் தட்டை இட்லிதான். விவரம் தெரிந்த இடங்களில் மாவை அரைகுறையாகப் பொங்கிய நிலையிலேயே அனுப்பி, கிளையில் இரண்டு மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்து மீதிப் பொங்குதலை அங்கே முடிக்கிறார்கள். ஊற்றும்போதும் அண்டாவின் மேல்பகுதி மாவைக் கிண்டாமல் மொண்டு இட்லிக்கு எடுப்பார்கள். அடியில் தங்குவது தோசைக்கு.

கொங்கு_அடுப்பு

அரவைக்கல் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணுங்க. எல்லா உணவகமும் மாவை வண்டியில அனுப்புறதில்லை. பொடி, ஊறுகாய், இனிப்பு மட்டும் பொதுக்கூடத்துல இருந்து வரும், மாவு அந்தந்தக் கிளையிலயே அரைக்கிறதுன்னு வச்சிருக்கிற இடங்களும் உண்டு. சமையல்கட்டுக்கு வெளியே சாய்க்கிற கிரைண்டர் ரெண்டு மூணு ஓடுதான்னு பாருங்க, தெரிஞ்சுரும். அங்க வித்தியாசம் அரைக்கிற ஆளோட கையைப் பொறுத்தது, வண்டியைப் பொறுத்தது இல்லை.

பொங்காத மாவுக்குச் சோடா உப்பு போடுறது இன்னொரு வழி. இட்லி உயரமா வரும், ஆனா வெள்ளையா இல்லாம லேசா மஞ்சள் அடிக்கும், வாயில சோப்பு மாதிரி ஒரு பின்சுவை நிக்கும். வெந்தயம் கூடினாலும் மஞ்சள் வரும், ஆனா அந்தப் பின்சுவை இருக்காது.

தட்டு_இட்லி

சரி, மாவு நன்றாகவே இருந்தாலும் சில நேரம் இட்லி கெட்டியாக வருகிறதே?

அரவைக்கல்

அது வைத்திருந்த நேரம். ஆவியில் பத்து நிமிடத்தில் இட்லி வெந்துவிடும். எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டுத் தட்டில் போட்டால்தான் இட்லி. கூட்டத்துக்கு முன்கூட்டியே அவித்துச் சூடு பெட்டியில் அடுக்கினால் மேல் தோல் காய்ந்து, உள்ளே மாவுச்சத்து இறுக ஆரம்பிக்கும். திரும்ப ஆவியில் காட்டினால் வெளியே ஈரம், உள்ளே கெட்டி. சாம்பாரில் ஊறினால் இது அவ்வளவாகத் தெரியாது. அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு இட்லி வேண்டுமென்றால் சாம்பார் இட்லியாகக் கேளுங்கள். தனி இட்லிக்கு நல்ல நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பதரை, இரவு ஏழரைக்குப் பிறகு. அப்போது ஈடு மேல் ஈடு இறங்கிக்கொண்டே இருக்கும், பெட்டியில் தங்க நேரமிருக்காது.

கல்மேல்_நெய்

தோசைக்கு வருகிறேன். பலரும் மாவைக் குறை சொல்வார்கள், ஆனால் கிளை உணவகத்தில் தோசை கெடுவது பெரும்பாலும் கல்லில்தான்.

பெரிய கல் ஒன்றில் ஒரே நேரத்தில் ஆறு தோசை வரை ஊற்றுவார்கள். அடியில் எரிவது இரண்டு மூன்று பர்னர். பர்னருக்கு நேர் மேலே சூடு அதிகம், ஓரங்களில் குறைவு. தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் கூட்டுவது சுத்தத்துக்கு மட்டுமல்ல, கல்லின் மேல்சூட்டை இறக்குவதற்கும். அதிகச் சூட்டில் மாவு ஊற்றினால் கரண்டியோடு சுருண்டு வரும், பரப்ப முடியாது. சூட்டை இறக்கி, பரப்பி, பிறகு ஏற்றினால்தான் ஒரே கனத்தில் மொறுமொறுப்பு வரும். எண்ணெய் முதலிலேயே அதிகம் தடவினாலும் மாவு வழுக்கிப் பரவாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருபது தோசை வரிசையில் நின்றால் என்ன ஆகும்? ஒவ்வொரு கரண்டி மாவும் கல்லின் சூட்டை உறிஞ்சும். கல் மீண்டும் சூடாகுமுன் அடுத்தது விழும். வெளுத்த, துவண்ட தோசை வரும். மாவு குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்திருந்தால் இன்னும் மோசம், ஒட்டும். மாவு அதிகம் புளித்திருந்தாலும் நிறம் வராது, ஏனென்றால் சிவக்கத் தேவையான சர்க்கரையைப் பாக்டீரியா ஏற்கெனவே தின்றுவிட்டது, அமிலமும் சிவப்பதைத் தடுக்கும். அதனால்தான் ரோஸ்ட் மாவில் ஒரு பிடி சர்க்கரையோ, அரைக்கும்போது கொஞ்சம் கடலைப்பருப்போ சேர்க்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, முறையான தொழில்.

நடைமுறையில்: கூட்ட நேரத்தில் நெய் ரோஸ்ட் வேண்டாம், ஊத்தப்பம் கேளுங்கள். அது மிதமான சூட்டில் மெதுவாக வேகும் பண்டம், கல் ஆறியிருந்தாலும் தாங்கும். ரோஸ்டுக்குச் சரியான நேரம் காலை பத்தரைக்குப் பிறகு அல்லது மாலை ஐந்து மணி. "நல்லா முறுகலா, மெலிசா" என்று சப்ளையரிடம் சொல்லுங்கள், அது சீட்டில் ஏறி மாஸ்டருக்குப் போகும். ரவா தோசைக்கு எப்போதும் காத்திருக்க வேண்டும். அதன் மாவு தண்ணீராக இருக்கும், தெளித்து ஊற்றி நன்றாகச் சுண்ட வேகணும். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால் நடுவில் வேகாமல்தான் இருக்கும்.

வாழையிலை_ஓரம்

சாம்பாரும் சட்னியும் யாரும் தொடவில்லையே.

டிபன் சாம்பார் வேறு, சாப்பாட்டுச் சாம்பார் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். டிபன் சாம்பார் நீர்க்க, புளி குறைவாக, சின்ன வெங்காயமும் பூசணியும் கரைந்து இருக்கும். பாசிப்பருப்பு கலப்பதும் உண்டு. சாப்பாட்டுச் சாம்பார் துவரம்பருப்பு, புளி தூக்கல், காய் முழுசாக. பொடி பொதுக்கூடத்திலிருந்து வந்தாலும் கொதிக்க வைப்பது கிளையில். அதைச் சுடுநீர்த் தொட்டிக்குள் வைத்த பாத்திரத்தில் மணிக்கணக்காக வைப்பார்கள். சூடான உணவை 60 டிகிரிக்கு மேலே வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி, அதில் தப்பில்லை. ஆனால் பருப்பு நேரமாக ஆக இறுகும், பெருங்காயமும் மல்லித்தழையும் ஒரு மணி நேரத்தில் மணம் இழக்கும். இறுகியதைத் தளர்த்த வெந்நீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரை மறுபடி கொதிக்கவிட்டு உப்பும் பொடியும் சரிசெய்தால் பிரச்சினை இல்லை. அப்படியே ஊற்றினால் கிண்ணத்தில் மேலே தெளிந்த நீர், கீழே பருப்பு என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். அதைப் பார்த்தால் மாற்றிக் கேளுங்கள், நல்ல கிளையில் முகம் சுளிக்காமல் மாற்றுவார்கள்.

தேங்காய்ச் சட்னி அதைவிட நுட்பம். நம் வெயிலில் வெளியே வைத்தால் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பழைய சட்னியில் புதுசை ஊற்றி நிரப்பும் வழக்கம் இருந்தால் பாத்திரம் முழுவதும் கெடும். தண்ணீர் பிரிவதும் லேசான புளித்த வாசனையும் அடையாளம். தக்காளி, வெங்காயச் சட்னி வதக்கி அரைப்பது என்பதால் மத்தியானம் வரைக்கும் நம்பலாம். பதினொரு மணிக்கு மேல் டிபன் சாப்பிட்டால் வெள்ளைச் சட்னியை முகர்ந்து பார்த்துத் தொடுவது நல்லது.

கொங்கு_அடுப்பு

வடையையும் சேர்த்துக்கங்க. உளுந்த வடை மாவுல தண்ணி கூடினா எண்ணெய் குடிக்கும். சோடா போட்டாலும் குடிக்கும். டிஷ்யூ தாள்ல வச்சு அமுக்கினா நனைஞ்சு வழியுதுன்னா ரெண்டுல ஒண்ணு. எண்ணெய் சூடு பத்தாம போட்டாலும் இதே கதிதான். காயுற எண்ணெயில மொத்த போலார் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைஞ்சு உண்டாகிற பொருட்கள், 25 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு 2018 ஜூலையில இருந்து விதி இருக்கு. பெரிய உணவகங்கள்ல அதை அளக்கச் சின்னக் கருவி வச்சிருப்பாங்க. எண்ணெய் கருத்து, நுரை கட்டி, புகை சீக்கிரம் வந்தா கருவி இல்லாமலே தெரியும். வடைச் சட்டி வெளியே தெரியுற மாதிரி இருந்தா ஒரு பார்வை பார்த்துட்டு உட்காருங்க.

பன்னீர்_பக்கம்

வட இந்திய வகைகளைக் கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். கிளை உணவகங்களில் இருபது வகை கிரேவி மெனுவில் இருக்கும். பின்னால் இருப்பது பெரும்பாலும் மூன்று அடிப்படைக் கிரேவிதான்: வெங்காயம் தக்காளி வதக்கியது, முந்திரி அரைத்த வெள்ளை, வெண்ணெய் போட்ட தக்காளி மக்னி. காலையிலேயே தயாரித்து வைத்துவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் அதில் பன்னீர், காளான், பட்டாணி என்று மாறும், கடைசியில் கசூரி மேத்தியோ (காய்ந்த வெந்தயக்கீரை) கிரீமோ விழும். நாலு பேர் போய் பன்னீர் பட்டர் மசாலாவும் காளான் பட்டர் மசாலாவும் வாங்கினால் ஒரே கிரேவிக்கு இரண்டு விலை கொடுக்கிறீர்கள். ஒன்று மக்னி வகை, இன்னொன்று கடாய் வகை அல்லது பருப்பு தட்கா என்று பிரித்துக் கேளுங்கள். பருப்புக்குத் தாளிப்பு அந்த நேரத்தில்தான் நடக்கும்.

தட்டு_இட்லி

அருமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்த நேரம்?

வாழையிலை_ஓரம்

பன்னிரண்டேகாலிலிருந்து ஒரு மணி. பொரியல் அப்போதுதான் தாளித்து இறங்கியிருக்கும், சோறும் முதல் வடிப்பு. இரண்டரைக்கு மேல் பொரியல் காய்ந்து, கூட்டு இறுகி, அப்பளம் நமத்து வரும். ரசம் மட்டும் விதிவிலக்கு, மறுபடி நுரை கட்டச் சூடாக்கினால் போதும். அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு இரண்டும் இருந்தால் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று தரம் சோறு வாங்குபவர்களுக்குத்தான் முழுச் சாப்பாடு கட்டுப்படியாகும். ஒரு தரம் சோற்றோடு நிறுத்துபவர்கள் அளவுச் சாப்பாடே வாங்கலாம், காய்கள் பெரும்பாலும் அதேதான்.

டிகாஷன்

காபி. கலவையில் சிக்கரி 20, 30, 40 சதவீதம் என்று உணவகத்துக்கு உணவகம் மாறும். சிக்கரி கூடினால் கறுப்பும் கெட்டித்தனமும் வரும், மணம் குறையும். ஆனால் கிளைக்குக் கிளை மாறுவது டிகாஷன் இறங்கி எவ்வளவு நேரம் ஆனது என்பதால். முதல் டிகாஷன் இறங்கிய அரை மணி நேரத்துக்குள் கிடைப்பதுதான் காபி. அதைச் சூடு குறையாமல் இருக்க வெந்நீரில் வைத்து வைத்து ஓட்டினால் கசப்பேறும், அதை மறைக்கச் சர்க்கரை கூடும். "சர்க்கரை தனியா" என்று கேட்டுப் பாருங்கள். டிகாஷனின் நிலைமை முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் ஏடு வாசனை வரும், அதற்கு ஸ்ட்ராங் கேட்டாலும் பயனில்லை.

வரிக்கணக்கு

சமையல்கட்டு முடிந்தது என்றால் கல்லாவுக்கு வருகிறேன். தட்டு_இட்லி கேட்ட முதல் கேள்விக்கு இன்னொரு பதில் உங்கள் பில்லிலேயே அச்சாகியிருக்கிறது.

பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்து அந்த நிறுவனத்தின் பான் எண். இரண்டு கிளைகளின் பில்லைப் பக்கத்தில் வைத்து அந்தப் பத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் ஒரே முதலாளி. வேறாக இருந்தால் சட்டப்படி இரண்டும் வேறு வேறு உரிமையாளர். பெயரை உரிமம் வாங்கி நடத்தும் கடையாகவோ, குடும்பத்தில் பிரிந்த பங்காகவோ இருக்கலாம். அங்கே மாவு, ஆள், கணக்கு எல்லாமே வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். இட்லி மாறுவதில் ஆச்சரியமே இல்லை.

வரி: தனி உணவகங்களில் உணவுக்கு 5 சதவீதம்தான், மத்தியம் 2.5, மாநிலம் 2.5. குளிரூட்டிய அறைக்கும் சாதாரண அறைக்கும் தனி வரி இருந்தது 2017 நவம்பர் 15-ஓடு முடிந்தது. இன்று ஏசி அறையில் அதே தோசைக்கு விலை கூடுதல் என்றால் அது கடை வைத்த விலை, வரி இல்லை. அந்த விலை மெனுவில் இருக்க வேண்டும். 18 சதவீதம் வருவது நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் தங்கும் விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில். தொகுப்பு வரித் திட்டத்தில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் முறையில், இருக்கும் சின்னக் கடை உங்களிடம் வரியே வாங்கக் கூடாது. உரிமம் வாங்கி நடத்தும் சிறு கிளைகளில் இதைக் கவனியுங்கள்: பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்து, வரி வாங்கத் தகுதியில்லாதவர் என்ற குறிப்பும் இருந்து, கீழே வரியும் ஏறியிருந்தால் அது தவறு.

தட்டு_இட்லி

சேவைக் கட்டணம்?

வரிக்கணக்கு

நம் சைவ உணவகங்களில் அபூர்வம், பெருநகர வணிக வளாகங்களில் உள்ள சங்கிலி உணவகங்களில் பார்க்கலாம். தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

அதே பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் (உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்) இருக்க வேண்டும், 2022 தொடக்கத்திலிருந்து கட்டாயம். இந்த எண் இடத்துக்குத் தரப்படுவது, அதனால் ஒரே முதலாளியின் கிளைகளிலும் மாறும். உணவில் கோளாறு என்று புகார் கொடுக்கும்போது உணவகத்தின் பெயரை மட்டும் எழுதினால் எந்தக் கிளை என்று தேடவே நாள் போகும். இந்த எண், தேதி, நேரம், பில் எண், பண்டத்தின் படம் ஆகியவற்றோடு கொடுத்தால் நேராக அந்தச் சமையல்கட்டுக்குப் போவார்கள்.

கலோரி_கணக்கு

இன்னொரு விதியும் உண்டு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் நடத்தும் உணவகங்கள் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி அளவு போட வேண்டும், பரிமாறும் அளவோடு. பலகையில் இல்லையென்றால் மெனு அட்டையில் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளோடு போகிறவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். பொங்கலுக்கும் இட்லிக்கும் உள்ள இடைவெளியை எண்ணாகப் பார்க்கலாம்.

கல்மேல்_நெய்

தட்டு_இட்லி தனிச்செய்தியில் பார்சல் பற்றிக் கேட்டிருந்தார், எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே.

இட்லி பார்சலுக்குத் தாங்கும், வாழையிலையில் கட்டினால் வேர்வையை இலை கொஞ்சம் வெளியே விடும். மூடிய டப்பாவில் இட்லி நனைந்து அடி கரையும். ரோஸ்ட் பார்சல் வாங்காதீர்கள். சூடான தோசையை மடித்து மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும், பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். வேண்டியே ஆகணும் என்றால் மசாலாவைத் தனி டப்பாவில் கேட்டு, தோசையை மடிக்காமல் சுருட்டி, மேல் பக்கம் திறந்தபடி தாளில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் காய்ந்த கல்லில் எண்ணெயில்லாமல் ஒரு நிமிடம் போட்டால் முக்கால்வாசி மீளும். சாம்பாரைச் சூடாகப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவது தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை, தூக்குச்சட்டி கொண்டுபோனால் பெரும்பாலான கிளைகளில் மறுக்காமல் ஊற்றித் தருகிறார்கள், டப்பாக் கட்டணமும் மிச்சம். சட்னியை வீட்டில் போனதும் தின்னவில்லை என்றால் குளிர்பெட்டியில் வையுங்கள், ராத்திரிக்கு வாங்கியது காலைக்கு வேண்டாம்.

தட்டு_இட்லி

இரண்டு கிளையின் பில்லையும் எடுத்து ஒப்பிட்டேன். நடுவில் உள்ள பத்து எழுத்தும் வேறு.

அரவைக்கல்

அப்படியானால் நல்ல இட்லி கிடைக்கும் கிளையில் காலை எட்டு மணிக்குப் போங்கள். மற்றதில் ஊத்தப்பமும் ரசஞ்சோறும் எப்படி என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.